வெள்ளகவிக்கு நடந்தே போன ராசம்மா அக்கா

செவ்வாய்க்கிழமை காலை நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ராசம்மா அக்காவின் மகள் செல்வி கூப்பிட்டாள். வெள்ளகவி கொடைக்கானலுக்குக் கீழே மலைச்சரிவில் இருக்கும் ஊர், அங்கே வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. பேச வேண்டுமென்றால் ஊருக்கு மேலே இருக்கும் பாறைக்கு ஏறி வர வேண்டும். அப்படி ஏறி வந்து ஒருவர் கூப்பிட்டால் அது சும்மா நலம் விசாரிக்கும் அழைப்பாக இருக்காது. மூச்சிரைக்க, "டீச்சர், அம்மா போயிருச்சு," என்றாள். முந்தின நாள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், காலையில் எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. பிறகு அவளே சொன்னாள்: "ஒரே தலகாணிதான் டீச்சர். மட்டமாத்தான் படுத்திருந்துச்சு."

அவள் ஏன் அதைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். இதயம் பலவீனமானவர்களுக்கு நெஞ்சில் நீர் கட்டினால் மல்லாந்து படுக்க முடியாது. தலையணைமேல் தலையணை அடுக்கிச் சாய்ந்துதான் கிடக்க வேண்டும். ராசம்மா அக்காவும் ஒரு காலத்தில் அப்படித்தான் கிடந்தார். கடைசி உறக்கத்தில் ஒற்றைத் தலையணையில் அவர் நீட்டிப் படுத்திருந்தார் என்று கேட்டதும் துக்கத்தை முந்திக்கொண்டு எனக்குப் பெருமிதம்தான் வந்தது. அந்தப் பெருமிதத்தோடுதான் இதை எழுதுகிறேன். எங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்தில் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அவரைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று மனம் பறக்கிறது.

ராசம்மா அக்கா அட்டுவம்பட்டியில் குடியிருந்தார். சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் ஒரு காட்டேஜில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தார். பிறந்தது இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். சிறுமியாக இருக்கும்போது தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவர். இத்தனை வருடம் கழித்தும் அவர் வாயில் பாட்டில் 'போத்தல்'தான், டீ 'தேத்தண்ணி'தான். கணவர் முன்பே இறந்துவிட்டார். ஒரே மகள் செல்வி. வெள்ளகவியிலிருந்து குதிரையில் காப்பிப் பொதி ஏற்றி வரும் முருகனை அவள் விரும்பினாள். கொடைக்கானல் கோயில் ஒன்றில் கல்யாணம் நடந்தது. அடுத்த வாரம் மகளைப் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுவரப் புடவையெல்லாம் எடுத்து வைத்திருந்தார் அக்கா. அதற்குள் நெஞ்சுவலி வந்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் இதயம் இரத்தத்தைத் தள்ளும் வலுவில் ஒரு பங்கு போய்விட்டது. அதன் பிறகு மாதா மாதம் பார்த்துக்கொள்ள, மலையிலேயே இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

நான் அங்கே உணவு ஆலோசகர். என்ன சாப்பிடலாம் என்று பாடம் நடத்துகிறவள் என்பதால் பலருக்கும் நான் 'டீச்சர்'. கன்னிவாடியில் தக்காளி போடுகிற குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். படிப்பு வந்ததே தவிரப் பேச்சு வரவில்லை. நோயாளிகள் எதிரே உட்கார்ந்தால், அச்சடித்த உணவுத் தாளை மேசையில் வைத்து, அதைப் பார்த்தபடியே வாசித்து முடித்துவிடுவேன். முதல் நாள் அக்காவுக்கும் அப்படித்தான் வாசித்தேன். உப்பைக் குறைக்க வேண்டும், அப்பளம் ஊறுகாய் கருவாடு வேண்டாம், டால்டாவும் பொரித்ததும் வேண்டாம், சீனியைக் குறைக்க வேண்டும், காய்கறியும் பயறும் நிறையச் சேர்க்க வேண்டும். முடித்ததும் அவர் கேட்டார்.

"தாளப் பாத்தே பேசுறீங்களே புள்ள. அந்தத் தாளுக்கா நெஞ்சுவலி?"

நிமிர்ந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்துவிட்டேன்.

பக்கத்தில் காத்திருந்தவர் பேக்கரி வைத்திருக்கும் சேவியர் அண்ணன். இதயக் குழாயில் அடைப்பு நீக்கி ஸ்டென்ட் வைத்தவர். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது, இந்த மலையில் பல பேருக்கு இருக்கும் கொள்கை அது. "இந்தக் குளிருல கொழுப்பு ஒடம்புல நிக்காது டீச்சர், எரிஞ்சுரும். உங்க தாளெல்லாம் கன்னிவாடி, திண்டுக்கல்லுக்கு அச்சடிச்சது," என்றார். அக்கா அவர் பக்கம் திரும்பி, "அப்படியா ஏலே? அப்ப ஒன் நெஞ்சுக்குள்ள கம்பி வச்சது துணி காயப் போடவா?" என்றார். வராந்தா முழுக்கச் சிரித்தது. வாயில் பஃப்ஸோடு இருந்த சேவியர் அண்ணனுக்குப் புரையேறிவிட்டது.

தாள் வாசிப்பதால் பயனில்லை என்று எனக்கே தெரிந்திருந்தது. வியாழக்கிழமை இதய நோயாளிகள் வரும் நாள். அன்றைக்கு மதியம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம், வீட்டில் என்ன சாப்பிடுகிறீர்களோ அதையே கொண்டு வாருங்கள், அதைப் பார்த்துப் பேசலாம் என்று டாக்டரம்மாவிடம் அனுமதி கேட்டேன். கொடுத்தார்.

அந்த முதல் வியாழக்கிழமையை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. டிபன் கேரியர்களைத் திறந்ததும் ஆஸ்பத்திரி கல்யாண மண்டபம்போல மணந்தது. மட்டன் பிரியாணி, நெய்ச்சோறு, பன்றிக்கறி வறுவல், முந்திரி மிதக்கும் கேசரி. தினமும் இதைத்தான் சாப்பிடுகிறீர்களா என்று பயந்துபோய்க் கேட்டேன். சேவியர் அண்ணனுக்கு வருத்தமாகிவிட்டது. "ச்சேச்சே, நீங்க ஒரு வாய் சாப்பிடுவீங்கல்ல டீச்சர்? அதுக்காக வீட்ல ஸ்பெசலாச் செஞ்சது," என்றார். ஒருவரைத் தவிர அத்தனை பேரும் அதையேதான் செய்திருந்தார்கள். உணவைக் கண்காணிக்க வந்தவளுக்கு விருந்து வைத்திருந்தார்கள்.

ராசம்மா அக்கா சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவரேதான் வழி சொன்னார். விருந்தாளிக்கு யாரும் பழசு வைக்க மாட்டார்கள். ஆகவே அடுத்த வாரம் எல்லோரும் முந்தின நாள் மீந்ததை மட்டும் கொண்டு வர வேண்டும். "நேத்து மீந்த கொழம்புல பொய் இருக்காது," என்றார். அன்றிலிருந்து எங்கள் வியாழக்கிழமையின் சட்டம் அது. மறுவாரமே சுண்டிய குழம்புகளில் மிதந்த எண்ணெயும், கருவாட்டுத் துண்டும், மடித்து வைத்த அப்பளமும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. நான் ஒன்றும் வாசிக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களே ஒருவர் குழம்பை ஒருவர் பார்த்துக் கேலி பேசி, ஒருவருக்கொருவர் மாற்று வழி சொல்லிக்கொண்டார்கள். மலைப்பூண்டு தின்றால் மாத்திரையே வேண்டாம் என்று யாரோ சொன்னபோது மட்டும் நான் வாயைத் திறந்தேன். பூண்டைக் குழம்பில் போடுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றேன். தாளைப் பார்க்காமல் கூட்டத்தில் நான் சொன்ன முதல் அறிவுரை அதுதான்.

அந்த முதல் விருந்து நாளில் பீன்ஸும் வெறும் சோறும் கொண்டு வந்தவர் ராசம்மா அக்கா மட்டும்தான். அவர் சாப்பாட்டில் உப்பே கிடையாது. எல்லோரும் எடுத்து ருசி பார்த்து முகம் சுளித்துப் பரிதாபப்பட்டோம். ஆனால் கால் வீக்கம் குறையாதிருந்தவரும் அவர் ஒருவர்தான். எண்ணெயில் நீந்திக்கொண்டிருந்த சேவியர் அண்ணன் வெரசாக நடந்து வர, அக்கா அட்டுவம்பட்டி மேட்டில் நின்று நின்று ஏறி வந்தார். மாத்திரையை டாக்டரம்மா மாற்றிப் பார்த்தார். வாரத்துக்கு வாரம் எடை ஏறியது. உடம்பு பெருக்கவில்லை, நீர்தான் சேர்ந்தது. கடைசியில் டாக்டரம்மா கேட்டேவிட்டார்: "யாரும் பாக்காதப்ப ஏதாவது உப்புப் பண்டம் எடுத்துக்கிறீங்களாம்மா? காட்டேஜ்ல கெஸ்ட் வச்சிட்டுப் போற சிப்ஸ், அது இது?"

அக்காவின் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. டிபனைத் திறந்து மேசையில் வைத்து, "தின்னு பாருங்க. நான் பொய் சொல்றவ இல்ல," என்றார்.

அப்போதுதான் டாக்டரம்மா அதைச் சொன்னார். இதே நிலை நீடித்தால் மறுபடியும் மதுரையில் சேர்க்க வேண்டியிருக்கும். வெள்ளகவிப் பயணத்தை மறந்துவிட வேண்டும்.

கார்த்திகை பிறந்திருந்தது. தை பிறந்தால் செல்விக்குத் தலைப்பொங்கல். தாய்வீட்டுச் சீர் போக வேண்டும். பானை, கரும்பு, மஞ்சள் கொத்து, அரிசி, வெல்லம், துணிமணி. கொண்டுபோக அக்காவைத் தவிர வேறு ஆள் இல்லை. வெள்ளகவிக்கு அன்றும் ஒற்றையடிப் பாதைதான், வட்டக்கானலிலிருந்து இறங்க வேண்டும். டோலி கட்டி நாலு பேராகத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று முருகன் எவ்வளவோ சொன்னார். அக்கா கேட்கவில்லை.

"டோலியில தூக்குறது சீக்காளியையும் பொணத்தையும் மாப்ள. சீர் கொண்டு வாற ஆத்தா நடந்துதான் வரணும். பொண்ணக் கட்டிக் குடுத்து அவ அடுப்படிய இன்னும் நான் பாக்கல."

இதன் பிறகு என்னால் வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. அவர் சாப்பிடும் ஒவ்வொன்றையும் மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அரிசி, காய், பயறு, மீன். எங்கேயும் உப்பு இல்லை.

ஒரு வியாழக்கிழமை பனிமூட்டம் இறங்கி, பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாத குளிர். கேன்டீனில் கேஸ் தீர்ந்து டீ வரவில்லை. என் பல் கிடுகிடுப்பதைப் பார்த்த அக்கா, தன் கைப்பையிலிருந்து சுடுதண்ணிப் போத்தலை எடுத்தார். பிளாஸ்க்கைத்தான் அவர் அப்படிச் சொல்வார். மூடியில் ஊற்றி நீட்டி, "பிளேன்டீ புள்ள. ஒங்களுக்குப் புடிக்குமோ என்னமோ," என்றார். வாங்கி ஒரு வாய் குடித்தேன்.

உப்பு. கடல் தண்ணீரைப் போல இல்லை, ஆனால் சந்தேகமில்லாமல் உப்பு.

"அக்கா, இதுல உப்பு போட்டிருக்கீங்களா?"

"ஓம். சீனி வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க? தோட்டத்துல எங்க ஆத்தா உப்புத் தேத்தண்ணிதான் குடிக்கும். குளிருக்கு இதமாக் கெடக்கும். நானும் அதுக்கே மாறிட்டேன்."

"ஒரு நாளைக்கு எத்தன தடவ குடிப்பீங்க?"

"அதையெல்லாம் யாரு எண்ணுறா? ஒரு ரூம் முடிச்சா ஒரு மூடி."

சாப்பாட்டில் உப்பில்லை என்று அவர் சொன்னது முழு உண்மை. தேத்தண்ணியை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. நானும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேனே தவிர, என்ன குடிக்கிறீர்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை. மூடியைக் கையில் பிடித்தபடி வராந்தாவில் ஓடினேன். சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாத நான், வெளியே காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "டாக்டரம்மா, கிடைச்சிருச்சு," என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்தேன். அவர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாயும் குடித்தார். பிறகு எழுந்து வெளியே வந்து, எல்லோர் முன்னாலும் ராசம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைச் சந்தேகப்பட்டுவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றார். அக்கா கூச்சப்பட்டு, "அதுக்கென்னம்மா, ஒரு மூடி ஊத்தவா?" என்று கேட்டார்.

அதன் பிறகான வாரங்கள் அவருக்குச் சுலபமாக இருக்கவில்லை. உப்பில்லாத தேத்தண்ணி நாக்குக்கு வெந்நீராக இருந்தது. சுக்குத் தட்டிப் போட்டோம், எலுமிச்சை பிழிந்தோம். ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதற்கும் டாக்டரம்மா அளவு சொல்லியிருந்தார். "நாக்கச் செத்துப் போகச் சொல்லிட்டீங்க," என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். கொஞ்ச நாளில் நாக்கு பழகும், காயின் சொந்த ருசி தெரிய ஆரம்பிக்கும் என்று பாடத்தில் படித்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அதை யாரிடமும் நேரில் பார்த்ததில்லை.

மார்கழியில் ஒரு காலை. வெள்ளனே ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தார், அன்று வியாழக்கிழமைகூட இல்லை. கையில் வேகவைத்த பீன்ஸ். "புள்ள, பீன்ஸ் இனிக்குது. கேரட்டு இனிக்கும், தெரியும். பீன்ஸ் இனிக்குமா? இத்தன வருசம் இது இனிச்சது எனக்குத் தெரியாமப் போச்சே," என்றார். இரண்டு பேரும் வாசற்படியில் நின்றபடியே அந்தப் பீன்ஸைத் தின்றோம். அவருடைய செருப்பு வார் இறுக்கமில்லாமல் காலில் ஆடியது. வீக்கம் வடிந்துவிட்டிருந்தது.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. வியாழக்கிழமைகளில் ஒவ்வொருவர் குழம்பையும் நுனி நாக்கில் வைத்துத் தீர்ப்புச் சொன்னார். சேவியர் அண்ணன் குழம்புக்கு, "இதுல மீன் செத்திருக்காதுலே, கடல்னு நெனச்சு நீந்திக்கிட்டே இருந்திருக்கும்," என்றார். ரோஷப்பட்ட அண்ணன் தன் வீட்டுச் சமையலில் பாதி உப்பைக் குறைத்தார். தன் கடை பஃப்ஸைத் தான் தின்பதையும் நிறுத்தினார்.

பொங்கலுக்கு முன்னால் டாக்டரம்மா மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். இரத்த அழுத்தம், எடை, மூச்சு எல்லாம் பார்த்தார். இதயம் பழைய இதயமாக ஆகிவிடவில்லை, ஆனால் நிதானப்பட்டிருந்தது. நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இறங்கலாம். ஏறக் கூடாது."

கூட வந்திருந்த செல்வியின் கண் நிறைந்துவிட்டது. இறங்கினால் திரும்பி ஏறித்தானே வர வேண்டும்? அக்கா மட்டும் அசரவில்லை. வெள்ளகவியிலிருந்து பாதை அங்கேயே முடிந்துவிடுவதில்லை, கீழே கும்பக்கரைக்கு இறங்குகிறது. அங்கிருந்து பெரியகுளம் போய், வத்தலக்குண்டு வழியாகப் பஸ்ஸில் கொடைக்கானல் வந்துவிடலாம். ஒரு அடிகூட ஏற வேண்டியதில்லை. இதையெல்லாம் அவர் முன்பே முருகனிடம் விசாரித்து வைத்திருந்தார். அவ்வளவு சுற்றியா வருவீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார்.

"நான் கடல் தாண்டி வந்தவம்மா. ஒரு மலையச் சுத்தி வர மாட்டேனா?"

போகிப் பண்டிகையன்று விடிந்ததும் வட்டக்கானலில் கூடினோம். அக்கா, செல்வி, முருகன், சேவியர் அண்ணன், மருந்துப் பையோடு நான். சீரெல்லாம் குதிரைமேல் ஏறிவிட்டது. கரும்புத் தோகை இரண்டு பக்கமும் தரையைக் கூட்டிக்கொண்டு போனது. பானையை மட்டும் அக்கா யாரிடமும் கொடுக்கவில்லை, இடுப்பில் வைத்துக்கொண்டார். பாதையில் நின்று, உட்கார்ந்து, மூச்சு சீரான பிறகு எழுந்து, மறுபடி நடந்தோம். நான் கையைப் பிடிக்கப் போகும்போதெல்லாம், "பாதையப் பாத்து நடங்க புள்ள, நீங்கதான் விழப் போறீங்க," என்றார். சொன்னபடியே நான்தான் ஒருமுறை சறுக்கினேன். சேவியர் அண்ணன் இரண்டு முறை.

ஊர் எல்லை வந்ததும் எல்லோரும் செருப்பைக் கழற்றினோம். வெள்ளகவிக்குள் செருப்புப் போட்டு நடக்க மாட்டார்கள். வெறுங்காலோடு, இடுப்பில் பானையோடு, அக்கா எங்களுக்கு முன்னால் நடந்தார். தெருவில் பெண்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். யாரோ நாற்காலி கொண்டு வந்து போட்டார்கள். அவர் உட்காரவில்லை. நேராகச் செல்வியின் வீட்டுக்குள் போய், குனிந்து அடுப்படியைப் பார்த்தார். விறகு அடுக்கியிருந்ததைப் பார்த்தார். தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப் பார்த்தார். புகை போக வழி இருக்கிறதா என்று கூரையை அண்ணாந்து பார்த்தார். பானையை அடுப்புப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டுத்தான், "இப்ப ஒக்காருறேன்," என்றார்.

அவர் மூச்சு சீராக இருந்தது. நான் கவனித்துக்கொண்டேதான் இருந்தேன்.

அதற்குப் பிறகும் அவர் அந்த வழியில் இறங்கினார். ஒவ்வொரு முறையும் மலையைச் சுற்றிப் பஸ்ஸில் திரும்பி வந்து, வியாழக்கிழமை எங்களோடு உட்கார்ந்தார். இந்தத் தைக்குப் போனவர் காப்பிப்பழம் பறிப்பு முடியட்டும் என்று மகள் வீட்டில் தங்கிவிட்டார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை என்று செல்வி சொன்னாள். யார் வீட்டுக்குப் போனாலும், என்ன குடிக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பாராம்.

செய்தி வந்த அன்றே நாங்கள் இறங்கினோம். வியாழக்கிழமைக் கூட்டத்தில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். நடக்க முடியாதவர்கள் வட்டக்கானல் வரை வந்து வழியனுப்பினார்கள். இதயத்தில் பழுது உள்ளவர்களின் அப்படி ஒரு வரிசையை அந்தப் பாதை முன்பு கண்டிருக்காது. நின்று, உட்கார்ந்து, ஒருவர் மூச்சுக்கு மற்றவர் காத்திருந்து போனோம். இறுதிச் சடங்குகள் முடிந்து முருகனும் ஊர் ஆண்களும் அவரைத் தோளில் எடுத்தார்கள். வழக்கப்படி பெண்கள் தெருமுனையில் நின்றுவிட்டோம். அங்கிருந்து மயானம் காப்பித் தோட்டத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். இந்த மலையில் ராசம்மா அக்காவை மற்றவர்கள் சுமந்தது அந்தக் கொஞ்ச தூரம் மட்டும்தான்.

கோடை மழை பெய்து காப்பி பூத்திருந்தது. சரிவெல்லாம் வெள்ளை, காற்றெல்லாம் மணம். அந்த வெள்ளைக்குள் அவர்கள் போய் மறையும்வரை செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தேன்.

போய் வாருங்கள் அக்கா. அவசரமே இல்லை. நின்று, மூச்சு வாங்காமல், உங்கள் நடையில் போங்கள்.